50 வொற் பிளட் லைற்: உத்தரவாதக் கோரிக்கை நிராகரிப்புத் தொடர்பான புகார்

திருக்கடலூர்,
திருகோணமலை.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

எங்கள் மீன்வாடிக்கு உங்களிடம் வாங்கிய ஆறு எல்.ஈ.டி. பிளட் லைற்றுகளில் மூன்று ஐந்து மாதத்துக்குள் மங்கிவிட்டன. இரண்டு வருட உத்தரவாதம் இருந்தும், "கடற்காற்றுப் பாதிப்பு" என்று ஒரே வரியில் கையை விரித்துவிட்டீர்கள். உப்புக்காற்று உள்ளே போயிருந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்திருக்கும், செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். உங்கள் நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகு ஒரு லைற்றைத் திறந்து பார்த்தோம். றப்பர் வளையம் இறுக்கமாக இருக்கிறது, வயர் முனை மினுங்குகிறது. எல்.ஈ.டி. தகட்டின் நடுவிலுள்ள மஞ்சள் பூச்சு மட்டும் பழுப்பேறியிருக்கிறது. அது சூட்டின் வேலை.

உங்கள் தொழில்நுட்பவியலாளர் வெளிச்செட்டையை, அதாவது சூட்டை வெளியே விடும் உலோக மடிப்பை, தொட்டுப் பார்த்து "வழமையான சூடுதான்" என்று சொல்லிப் போனார். செட்டையைத் தொட்டு உள்ளே இருக்கும் சூட்டை அறிய முடியாது. ஆகவே அளந்தோம்.

10 கிலோஓம் தேர்மிஸ்டர் இரண்டு, பீற்றா 3950. சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும்; பீற்றா எண்ணை வைத்து ஓமைப் பாகையாக மாற்றலாம். ஒன்றை எல்.ஈ.டி. தகட்டின் மூலையில் உங்கள் துண்டுப்பிரசுரம் காட்டும் அளவீட்டுப் புள்ளியில் எபொக்சியால் ஒட்டினோம், மற்றதைச் செட்டையில். தேர்மிஸ்டரின் உணர்முனை மணியில் நேரடி வெளிச்சம் பட்டால் அளவு கூடிக் காட்டும், வயர் தடித்தால் சூட்டை இழுத்துக் குறைத்துக் காட்டும். அதனால் மணியை மறைத்து, மெல்லிய வயரைக் கேபிள் துளையால் வெளியே எடுத்துக் கண்ணாடியை மூடினோம். திறந்து வைத்து அளந்தால் அந்தக் கணக்கு உங்களுக்குத்தான் சாதகம். இரவு, வெளி வெப்பநிலை 30 பாகை. ஒரு மணி நேரம் எரிந்து வாசிப்பு அசையாமல் நின்றபின்: தகட்டில் 678 ஓம், அதாவது 101 பாகை. செட்டையில் 2,016 ஓம், 66 பாகை.

எல்.ஈ.டி.க்குப் போவது 34 வோல்ற், 1.4 அம்பியர்: 47.6 வொற். சந்தியிலிருந்து, அதாவது எல்.ஈ.டி.யின் உள்ளே ஒளி பிறக்கும் இடத்திலிருந்து, தகடு வரையான வெப்பத்தடை வொற்றுக்கு 0.5 பாகை என்று நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். 101 + (0.5 × 47.6), ஏறக்குறைய 125 பாகை. மூன்றிலொரு பங்கு ஒளியாக வெளியேறுகிறது என்று கழித்தாலும் 117. சந்திக் கணக்கில் தர்க்கம் செய்ய விரும்பினால் அதையும் விட்டுவிடுவோம்: தகடு 85 பாகையைத் தாண்டக்கூடாது என்பது உங்கள் வரம்பு, நேரடி அளவு 101.

தகட்டுக்கும் செட்டைக்கும் இடையில் 35 பாகை எப்படி வந்தது? தகட்டைக் கழற்றினால் விடை தெரிகிறது. தகட்டின் சூட்டைச் செட்டைக்குக் கடத்தவேண்டிய தேர்மல் பேஸ்ட் நடுவில் ஒரு கடலைப் பருப்பளவு. சுற்றிலும் காய்ந்த உலோகம். அடியில் சூட்டைத் தடுக்கும் பவுடர் பெயின்ற் சுரண்டப்படவில்லை. இரண்டு ஆணிகளில் ஒன்று விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்வு.

பெயின்றைச் சுரண்டி, ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, பேஸ்ட்டை மெல்லிய படையாக முழுவதும் பரவி, ஆணி இரண்டையும் மாறிமாறி இறுக்கி அதே லைற்றைத் திரும்பவும் அளந்தோம். தகட்டில் 1,354 ஓம், 78 பாகை. சந்தி 102. செட்டையோ 67, முந்தியதற்கும் இதற்கும் ஒரு பாகைதான் வித்தியாசம். உங்கள் ஆள் தொட்டுப் பார்த்ததில் ஏன் ஒன்றும் பிடிபடவில்லை என்பது இதில் தெரியும்.

மங்கிய மூன்றுக்கும் புதிய லைற் தரவேண்டும். மற்ற மூன்றையும் உங்கள் செலவில் கழற்றிப் பேஸ்ட் பூசித் தரவேண்டும். அதே தொகுதியிலிருந்து பெட்டி பிரிக்காமல் எடுத்து அனுப்பினால் ஏற்கமாட்டோம். எங்கள் முன்னிலையில் தேர்மிஸ்டர் வைத்து, தகடு 85க்குக் கீழே நிற்பதைக் காட்டிய பின்பே கையொப்பமிடுவோம். பற்றுச்சீட்டுப் பிரதியும், கழற்றிய தகட்டின் படங்களும், வாசிப்புக் குறிப்பும் இணைத்துள்ளோம். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தேவை.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்