வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை (ஏப்ரல் 2024 – மார்ச் 2025)

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சண்டைக் கதைகள் போதும், ஒரு காதல் நகைச்சுவை மங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதையை) முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சேர்ந்து வாசிப்போம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். தேர்ந்தெடுத்தது ருமிகோ தகஹாஷியின் 'மெசோன் இக்கோகு'. 15 தொகுதிகள், 161 அத்தியாயங்கள். இது தவிர இந்த ஆண்டு வேறு எதையும் நாம் வாசிக்கவில்லை. அதற்காக யாரும் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவின் மேற்குப் புறநகரில் இக்கோகு-கான் என்று ஒரு பழைய மரக் கட்டடம். ஐந்தாம் எண் அறையில் கொதாய் யூசாகு, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று மறுபடி எழுதப் படிக்கும் பையன். பக்கத்து அறைக்காரர்கள் படிக்க விட்டால்தானே! நான்காம் அறை யொட்சுயா சுவரில் ஓட்டை போட்டு அதன் வழியாகவே உள்ளே வருகிறார். ஒன்றாம் அறை இச்சினோசே அம்மா கையில் விசிறியோடு ஆடுகிறார். ஆறாம் அறை அகெமியும் சேர்ந்துகொண்டால் விடிய விடியக் குடியும் கும்மாளமும்தான், அதுவும் கொதாயின் அறையில். வெறுத்துப்போய் அவன் காலி செய்யக் கிளம்பும் நேரத்தில், கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கியோகோ ஒதோனாஷி வந்து சேர்கிறாள். கொதாய் கிளம்பவில்லை. அவளோ கல்யாணமான சில மாதங்களிலேயே கணவனை இழந்தவள். அவள் வளர்க்கும் வெள்ளை நாய்க்கு இறந்துபோன கணவனின் பெயர், சோய்ச்சிரோ. இடையில் மிதாகா என்ற டென்னிஸ் பயிற்சியாளர் வேறு போட்டிக்கு வருகிறார். பணக்காரர், அழகர், சிரித்தால் பல் மின்னும். ஆனால் நாயைக் கண்டால் அலறுவார்.

இந்தத் தொடர் 1980-இல் பெரியவர்களுக்கான 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்' இதழின் முதல் இதழிலேயே தொடங்கி 1987-இல் முடிந்தது. கதைக்குள்ளும் ஏறக்குறைய அத்தனை ஆண்டுகள் ஓடுகின்றன. கொதாய் கல்லூரியில் சேர்ந்து, படித்து முடித்து, வேலை கிடைக்காமல் அலைந்து, கடைசியில் மழலையர் பள்ளியில் நிலைகொள்கிறான். தொடக்கத்தில் வாசித்த கல்லூரி மாணவனுக்கும் முடிவதற்குள் அந்த வயது ஏறியிருக்கும். இன்னொரு ஆச்சரியம், அந்த ஏழாண்டும் தகஹாஷி 'ஷோனென் சண்டே' வார இதழில் 'உருசேய் யாட்சுரா'வையும் வரைந்துகொண்டிருந்தார். இரண்டையும் 1987-இல்தான் முடித்தார். நமக்கு ஒரு கூட்ட அறிவிப்பு எழுதவே கை வலிக்கிறது.

ஜப்பானிய மொழியில் வாசித்தவர்கள் தொடக்கத்தில் திணறினார்கள். சிறுவர் இதழ்களில் காஞ்சி எனும் சீன வழி எழுத்துக்குப் பக்கத்தில் உச்சரிப்பைச் சின்னதாக அச்சிட்டிருப்பார்கள். பெரியவர்களுக்கான இதழ்களில் பெரும்பாலும் அந்தச் சலுகை கிடையாது. மொழித்தேர்வுக்குப் படிக்கும் உறுப்பினர்கள் மற்றவர்களுக்கு முன்கூட்டியே வாசித்துக் காட்டியதால் சமாளித்தோம். அவர்களுக்கு வட்டத்தின் நன்றி.

கூட்டங்களில் அதிகம் சூடானது ஒரே கேள்வி: கியோகோ ஏன் இப்படி இழுத்தடிக்கிறாள்? ஆண்களில் பாதிப்பேர் பொறுமை இழந்துவிட்டார்கள். மாடிப்படிக்கு அருகே இருக்கும் ஒரே ஒரு பொதுத் தொலைபேசி, ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு காபிக் கடைகளில் ஆளுக்கொன்றில் உட்கார்ந்து காத்திருப்பது, இதையெல்லாம் பார்த்த இளைய உறுப்பினர் ஒருவர், "ஒரு மெசேஜ் போட்டிருந்தால் மூன்றாம் தொகுதியிலேயே முடிந்திருக்கும்" என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. செய்தி போய்ச் சேர்ந்திருந்தாலும் கியோகோ தயாராகியிருக்க மாட்டாள். இன்னொருவனை மனதார ஏற்றுக்கொண்டால், சோய்ச்சிரோவின் மேல் வைத்த அன்பு பொய்யாகிவிடுமோ என்ற பயம் அவளுக்கு. அது ஆளைப் பார்த்துத் தீர்கிற பயமில்லை, ஆண்டுகள் போனால்தான் தீரும். சிரிப்பெல்லாம் அந்த ஆண்டுகளைக் கடத்துவதற்குத்தான் என்பது என் அபிப்பிராயம். கடைசியில் கொதாய் சோய்ச்சிரோவின் கல்லறை முன் நின்று, உங்களையும் சேர்த்தே அவளை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லும் இடம் வந்தபோது, பொறுமை இழந்த அதே ஆட்கள்தான் கைக்குட்டையைத் தேடினார்கள். பெயர் சொல்லவில்லை. சம்மதம் சொல்லும்போது கியோகோ கேட்பதும் ஒன்றுதான். ஒரே ஒரு நாளாவது என்னைவிட அதிகம் வாழ வேண்டும்.

'மெசோன் இக்கோகு'வின் அனிமேக்கு (அசைபடத் தொடருக்கு) வருகிறேன். ஃபுஜி தொலைக்காட்சியில் புதன் இரவு 7.30-க்கு ஓடிய 'உருசேய் யாட்சுரா' 1986 மார்ச்சில் முடிய, மறுவாரமே அதே நேரத்தில் இது தொடங்கியது. தயாரிப்பு ஸ்டூடியோ டீன். 1988 மார்ச் வரை 96 பகுதிகள், அதற்குள் மூன்று இயக்குநர்கள் மாறினார்கள். கியோகோவின் குரல் சுமி ஷிமாமோதோ, மியாசாகியின் 'நவுசிகா' படத்தின் நாயகிக்குக் குரல் கொடுத்தவர். இரண்டாம் அறையின் நிகாய்தோ தொலைக்காட்சித் தொடரில் வருவதே இல்லை. மங்காவை முதலில் வாசித்தவர்கள் அவரைத் தேடினார்கள், மற்றவர்களுக்குக் குறை தெரியவில்லை. இருபத்து நான்காம் பகுதியில் மட்டும் தொடக்கப் பாடலாகக் கில்பர்ட் ஓ'சல்லிவனின் 'அலோன் அகெய்ன்' ஒலித்தது. அதை யார் யோசித்தார்களோ, கதையின் மனநிலைக்கு அப்படிப் பொருந்துகிறது.

அனிமே தொடங்கியபோது மங்கா இன்னும் முடியவில்லை. ஆனால் அனிமே முடிவதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே மங்கா முடிந்துவிட்டது. அதனால் முடிவைச் சொந்தமாகக் கற்பனை செய்யாமல், மூலத்தின் முடிவை அவசரமின்றிக் கொண்டுவர முடிந்தது. 1988 பிப்ரவரியில் வந்த திரைப்படம் கல்யாணத்துக்கு முந்தைய நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டது. அதுவரை இவர்களோடு பழகாத ஒருவருக்கு அந்தப் படம் எதுவும் சொல்லாது. 1986-இல் நடிகர்களை வைத்து எடுத்த படத்தில் யொட்சுயாவாக, வேறு படங்களின் இயக்குநரான ஜூஸோ இதாமி நடித்திருப்பதைத் தவிர எனக்கு எதுவும் ஒட்டவில்லை. ஏழாண்டுத் தயக்கத்தை ஒரு படத்துக்குள் அடக்கினால் கியோகோ வெறும் சலனக்காரியாகத் தெரிகிறாள். 96 பகுதிகள் நீளம் என்று முணுமுணுத்தவர்களுக்கு இதுதான் என் பதில்.

இலையுதிர் காலத்தில் சுற்றுலா போனோம். டோக்கியோவின் கிழக்கே நிஷி-கசாயில் தோசாய் ரயில் வழி ஏறி, இஇதபாஷியில் யூராகுச்சோ வழிக்கு மாறினால் செய்பு இகெபுகுரோ வழி வரை நேர் வண்டி உண்டு. முதலில் ஓஇசுமி-காகுவென். அங்கே நிலைய வாசலில், மற்ற மங்காப் பாத்திரங்களான ஆஸ்ட்ரோ பாய்க்கும் மெட்டெலுக்கும் துணையாக, 'உருசேய் யாட்சுரா'வின் நாயகி லாம் வெண்கலச் சிலையாக நிற்கிறாள். படம் எடுக்க வரிசை கட்டியதில் நம் பெரியவர்கள்தான் முன்னால். அப்புறம் ஹிகாஷி-குருமே. மங்காவின் தொகேய்சாகா நிலையத்துக்கு மாதிரி இந்த ஊரின் வடக்கு வாசல்தான். அந்தப் பழைய கட்டடம் இப்போது இல்லை, புதிதாகக் கட்டிவிட்டார்கள். மேற்கு வாசல் பக்கம் ஃபுஜி மலை தெரியும் மாடம் இருக்கிறது. அன்று மேகம், மலை தெரியவில்லை. கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தை ஆற்றோரம் உட்கார்ந்து சாப்பிட்டுத் திரும்பினோம்.

நாம் கூடும் கூடத்தைப் பொறுத்தவரை, ஒரு மாலை நம் விவாதச் சத்தம் பக்கத்து அறையின் இகெபானா (மலர் அலங்கார) வகுப்புக்கு இடைஞ்சலாகிவிட்டதால், ஒன்பது மணிக்குமேல் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். தயவுசெய்து கடைப்பிடியுங்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பழைய புத்தகக் கடைகள் நிறைந்த ஜிம்போச்சோவில் பழைய புத்தகங்களாக வாங்கியதால் கையிருப்பு மோசமில்லை.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. ஒன்று, 'உருசேய் யாட்சுரா': 1981-இல் தொடங்கிய 195 பகுதிகளில் சிலவற்றையும், 2022 முதல் 2024 வரை வந்த 46 பகுதிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. இன்னொன்று, அதே தகஹாஷியின் 'ரன்மா ½': சென்ற அக்டோபரில் மாப்பா நிறுவனத்தின் புதிய அனிமே தொடங்கியது, 1989-இன் காப்பெய் யமகுச்சியும் மெகுமி ஹயாஷிபாராவும் அதே வேடங்களுக்கு மறுபடி குரல் கொடுத்திருக்கிறார்கள். செயலாளர் என்ற முறையில் நான் நடுநிலை. தனிப்பட்ட முறையில் ரன்மா. வாக்கெடுப்பு தேநீருக்குப் பிறகு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வட்டத்தின் பிரதிகளில் ஏழாம் தொகுதி கோடை விடுமுறைக்குப் பிறகு திரும்பி வரவில்லை. யாரிடம் இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்குள் துணைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். தாமதக் கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
செயலாளர்