பல்கலைக்கழகப் படிப்புக்கு லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சேர்க்கை உறுதியானதும் பெற்றோரும் பிள்ளைகளுமாகக் கடைக்கு வருகிறீர்கள். வந்ததும் பெரும்பாலும் கேட்கிற முதல் கேள்வி, "ஐ5 போதுமா, ஐ7 எடுக்கணுமா?" என்பதுதான். இரண்டும் இன்டெல் புராசஸர் வகைகள்; புராசஸர் என்பது லேப்டாப்பின் மூளை. கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. கடையில் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு அவற்றைப் பொறுமையாகச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல். விற்பதோடு பழுது பார்ப்பதும் எங்கள் தொழில். புதிதாக வாங்கிப் போன லேப்டாப் இரண்டு, மூன்று வருடம் கழித்து எந்தக் கோளாறோடு திரும்பி வருகிறது என்பதைச் சர்வீஸ் மேசையில் தினமும் பார்க்கிறோம். கீழே சொல்வதெல்லாம் அங்கே கற்றுக்கொண்டவை.

முதலில், எந்தப் படிப்பு என்பது தெரிய வேண்டும். சேரப்போகிற துறையில் என்னென்ன மென்பொருள் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்; மேல் வகுப்பு மாணவர் யாராவது கிடைத்தால் இன்னும் நல்லது. சாலிட்வொர்க்ஸ், ரெவிட், ஆர்க்ஜிஐஎஸ் புரோ, பவர் பிஐ டெஸ்க்டாப் எல்லாம் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. இயந்திரவியலோ கட்டடக்கலையோ படிக்கப் போகிற பிள்ளைக்கு ஆசையாக மேக்புக் வாங்கிக் கொடுத்துவிட்டு, முதல் பருவத்திலேயே திண்டாடுகிறவர்களைப் பார்க்கிறோம். ஐபோன் செயலி எழுதப் படிப்பவருக்கு நிலைமை தலைகீழ்: அதற்கான எக்ஸ்கோட் மேக்கில் மட்டும்தான் ஓடும். இலக்கியம், வரலாறு, சட்டம், வணிகவியல் படிப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. எது வாங்கினாலும் வேலை நடக்கும்; அவர்கள் நேரே திரை, கீபோர்டு, பேட்டரிக்குப் போய்விடலாம்.

2024இலிருந்து ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்புகளும் வருகின்றன. பேட்டரி நன்றாக நிற்கிறது, சூடும் குறைவு. ஆனால் அவை இன்டெல், ஏஎம்டி சிப்புகளின் வழியில் இயங்குபவை அல்ல. தனி டிரைவர் (கருவியை இயக்க உதவும் சிறு மென்பொருள்) கேட்கிற ஆய்வகக் கருவிகளும், தேர்வு எழுத வைக்கிற சில மென்பொருள்களும் அவற்றில் ஓடாமல் போகலாம். துறையில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே அவற்றை வாங்குங்கள்.

இனி, எங்களுக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம். லேப்டாப்பில் பின்னால் மாற்றக்கூடிய பாகங்கள் உண்டு, மாற்றவே முடியாதவை உண்டு. கையிலிருக்கும் பணத்தை முதலில் மாற்ற முடியாதவற்றில் போடுங்கள். விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்த்தால் இது பிடிபடாது. அங்கே புராசஸர் பெயரும், கோப்புகளைச் சேமித்து வைக்கிற எஸ்எஸ்டியின் அளவும்தான் கண்ணில் படும். எஸ்எஸ்டியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்: பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்புகளில் அடிமூடியைக் கழற்றி ஒரே ஒரு திருகை எடுத்தால் பழையது வெளியே வந்துவிடும். 512 ஜிபியில் தொடங்கினாலே போதும். மேக்புக்கில் மட்டும் இது நடக்காது. அங்கே வாங்கும்போது எடுத்த அளவுதான் கடைசிவரை.

ரேம், அதாவது திறந்து வைத்த வேலைகளைத் தற்காலிகமாகத் தாங்குகிற நினைவகம்: இந்த விஷயத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். முன்பெல்லாம் எல்லா லேப்டாப்பிலும் ரேம் ஒரு சிறிய பட்டையாக ஸ்லாட்டில் செருகியிருக்கும். இரண்டு பக்கமும் கிளிப்பை விலக்கினால் பட்டை தானாக எழும்பி நிற்கும். பெரியதாக இன்னொன்றைச் செருகிவிடலாம். இப்போது மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் மூடியைத் திறந்தால் ஸ்லாட்டே இருக்காது. புராசஸருக்குப் பக்கத்தில் கறுப்புச் சில்லுகளாக, மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். 8 ஜிபியோடு வந்தால் ஆயுசுக்கும் 8 ஜிபிதான். பிரவுசரில் இருபது பக்கம், ஒரு வீடியோ வகுப்பு, ஒரு வேர்டு கோப்பு, ஒரு பிடிஎஃப் என்று திறந்து வைத்தால் 8 ஜிபி அப்போதே திணற ஆரம்பிக்கும். நான்கு வருடம் கழித்து நிலைமை இன்னும் மோசமாக இருக்கும். ஆப்பிளே 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் ஆரம்ப அளவை 8இலிருந்து 16 ஜிபியாக ஏற்றியது. ஆகவே, பற்றவைத்த ரேம் என்றால் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். ஸ்லாட் இருக்கிறது என்றால் 8 ஜிபியில் தொடங்கி, பிறகு இன்னொரு 8 சேர்த்துக்கொள்ளலாம். பட்டைகள் இரண்டானால் புராசஸரோடு சேர்ந்து வருகிற கிராஃபிக்ஸும் கொஞ்சம் வேகம் பெறும். எந்தக் கடையில் வாங்கினாலும் "இதில் ரேம் ஸ்லாட் இருக்கா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

சரி, ஐ5ஆ, ஐ7ஆ? பெயரில் இருக்கிற எண்ணைவிட வால் எழுத்துதான் அதிகம் பேசும். இன்டெல்லின் ஐ5-1335யு, ஐ7-1355யு இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 10 கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யக்கூடிய 10 பகுதிகள். உச்ச வேகம் ஒன்றில் 4.6, மற்றதில் 5.0 கிகாஹெர்ட்ஸ். கட்டுரை எழுதுகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆனால் ஐ5-13500எச் என்று 'எச்' வாலோடு வருவதில் 12 கோர். மின்சாரமும் கூடுதலாக இழுக்கும், கனமான வேலைகளில் அந்த ஐ7ஐத் தாண்டியும் போகும். 'யு' என்றால் பேட்டரியை மிச்சம் பிடிப்பது, 'எச்' என்றால் வேகத்துக்கானது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஎம்டி பக்கம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். எண்ணில் பத்துதான் வித்தியாசம். ஆனால் முதலாவது 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, 4 கோர். இரண்டாவது 2020இன் ஜென் 3, 6 கோர். அந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்பதைச் சொல்கிறது; முதல் இலக்கம் விற்பனைக்கு வந்த வருடத்தை மட்டும் சொல்லும். மேலும் 7520யு பற்றவைத்த ரேமோடு மட்டுமே வரும். விலை மலிவாகத் தெரிகிறதே என்று எடுத்துக்கொண்டு போனால், மேலே சொன்ன 8 ஜிபி தொல்லையும் சேர்ந்தே வரலாம். அதனால்தான் இந்த ஒரு மாடலைப் பற்றி இத்தனை விரிவாக எழுதுகிறோம்.

அடுத்தது திரை. நான்கு வருடம் கண் பார்க்கப் போவது இதைத்தான். 1366×768 திரை இன்னமும் எங்காவது விற்பனைக்கு இருந்தால் தொடவே வேண்டாம். 1920×1080 குறைந்தபட்சம். 1920×1200 கிடைத்தால் அதையே எடுங்கள். உயரத்தில் கூடுகிற அந்த 120 புள்ளிகளில் கட்டுரையின் சில வரிகள் கூடுதலாகத் தெரியும், ஓயாமல் கீழே உருட்ட வேண்டியதில்லை. திரை எத்தனை நிறங்களைக் காட்டும் என்பதற்கு விவரத் தாளில் '45% என்டிஎஸ்சி' என்று இருந்தால் நிறங்கள் வெளிறியிருக்கும். எஸ்ஆர்ஜிபி என்கிற வழக்கமான நிற வரம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அதில் தெரியும். எழுதப் படிக்க அது போதும். வடிவமைப்பு, காட்சி ஊடகம், கட்டடக்கலை படிப்பவர்கள் '100% எஸ்ஆர்ஜிபி' என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். வெளிச்சம் 250 நிட்ஸ் என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கச் சிரமம். 300க்கு மேல் இருக்கட்டும்.

பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். வாட்-அவர், அதாவது பேட்டரி தேக்கி வைக்கிற மின்சாரம், எவ்வளவு என்று பாருங்கள். எழுத்து, வாசிப்பு, இணையம் என்று சாதாரண வேலையில் ஒரு லேப்டாப் சராசரியாக 8 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 வாட்-அவர் பேட்டரி 5 மணி நேரம் வரும். 56 வாட்-அவர் என்றால் 7 மணி நேரம். லித்தியம் பேட்டரி வருடா வருடம் தேய்கிற பொருள். அதனால் இன்றைக்கு 5 மணி நேரம் நிற்பது மூன்றாம் வருடத்தில் ஒரு முழுநாள் வகுப்புக்கு வராது. யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுமா என்றும் கேளுங்கள். அந்தத் துளை இருந்தாலே சார்ஜ் ஏறும் என்பதில்லை. ஏறுமானால், சார்ஜரை மறந்து வந்த நாளில் பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கிச் சமாளிக்கலாம்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு யாருக்கு வேண்டும்? முப்பரிமாண வடிவமைப்பு, வீடியோ தொகுப்பு, கேம் உருவாக்கம் படிப்பவர்களுக்கு வேண்டும். மெஷின் லேர்னிங் படிப்பவர்களுக்கு என்விடியாவின் 'கூடா' (CUDA) வசதி, அதாவது கிராஃபிக்ஸ் கார்டையே கணக்குப் போட வைக்கிற வசதி, கைகொடுக்கும். ஆனாலும் தொடக்கப் பாடங்களுக்கு கூகுள் கோலேப் என்கிற இணையச் சேவை இலவசமாகத் தருகிற ஜிபியுவே (கிராஃபிக்ஸ் சிப்) போதும். பெரிய மாதிரிகளைப் பல்கலைக்கழகச் சர்வரில்தான் ஓட்டப் போகிறீர்கள். மற்றவர்களுக்குத் தனி கார்டு வெறும் எடை. கேமிங் லேப்டாப் இரண்டு கிலோவைத் தாண்டும், சார்ஜரே செங்கல் மாதிரி இருக்கும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4050 கார்டு அந்த ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை வெவ்வேறு அளவில் வருகிறது. பெயர் ஒன்றுதான், வேகம் ஒன்றல்ல. அந்த வாட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் சர்வீஸ் மேசைக்கு அடிக்கடி வருவது மெதுவான புராசஸர் அல்ல, உடைந்த ஹிஞ்ச். திரையைத் தாங்குகிற அந்தக் கீலின் திருகுகள், பிளாஸ்டிக்குக்குள் பதித்த சிறு பித்தளை மரைகளில் முறுக்கப்பட்டிருக்கும். திரையின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தினமும் திறந்து மூடினால் அழுத்தமெல்லாம் ஒரே கீலில் விழும். ஒருநாள் பித்தளை பிளாஸ்டிக்கைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். மூடி பிளந்துகொள்ளும், திரைக்குப் போகிற கேபிளும் சில சமயம் அறுந்துபோகும். வாங்கும் முன் கடையிலேயே மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். மூடியின் மூலை நெளிகிறதா, கீபோர்டின் நடுவில் விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிறதா என்று பாருங்கள். ஒரு பத்தி தட்டச்சும் செய்து பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அப்புறம், வீட்டில் திறக்கும்போது திரையின் நடு விளிம்பைப் பிடித்துத் திறவுங்கள்.

பட்ஜெட் இறுக்கமாக இருந்தால், மலிவான புது லேப்டாப்பைவிட நல்ல நிலையில் இருக்கிற பழைய அலுவலக லேப்டாப்பையே நாங்கள் சொல்வோம். திங்க்பேட், லாட்டிட்யூட், எலீட்புக் வரிசைகள் கடினமான உழைப்புக்கென்று செய்யப்பட்டவை. உதிரிப் பாகமும் கிடைக்கும். இரண்டை மட்டும் சரிபாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். அதற்கு முந்தையது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். இரண்டாவது, விண்டோஸிலேயே எடுக்கக்கூடிய பேட்டரி ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் 50,000 என்றும் இரண்டாவது 30,000 என்றும் இருந்தால் பேட்டரி நாற்பது சதவீதம் தேய்ந்துவிட்டது என்று பொருள். புதுப் பேட்டரிக்கான செலவையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மென்பொருளுக்குப் பணம் கட்டும் முன் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள். பல இடங்களில் மாணவர் மின்னஞ்சல் முகவரியோடு மைக்ரோசாஃப்ட் 365 கிடைக்கிறது. ஆட்டோடெஸ்க் தன் மென்பொருள்களை மாணவர்களுக்கு இலவசமாகவே தருகிறது. கட்டுரை எழுத லிப்ரே ஆஃபிஸ் எப்போதுமே இலவசம்தான். அப்படி மிச்சமாகிற பணத்தில் வெளியில் இணைக்கிற டிஸ்க் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கிற வாரத்தில் எஸ்எஸ்டி செத்துப்போன லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளையிடம், கோப்புகளை மீட்க முடியவில்லை என்று சொல்வதுதான் எங்களுக்கு ரொம்பக் கஷ்டமான வேலை. ஒரு பிரதி டிஸ்கில், ஒரு பிரதி கிளவுடில் இருக்கட்டும்.

வாங்க அவசரப்பட வேண்டாம். துறையிலிருந்து பதில் வந்த பிறகு வாருங்கள். வகுப்பு தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை. வரும்போது மென்பொருள் பட்டியலையும், தினமும் தோளில் மாட்டப் போகிற பையையும் எடுத்து வாருங்கள். பிடித்த லேப்டாப்பைச் சார்ஜரோடு சேர்த்து அந்தப் பையில் போட்டு, கடைக்குள்ளேயே கொஞ்ச நேரம் நடந்து பாருங்கள். அடிமூடியைத் திறந்து ரேம் ஸ்லாட்டைக் காட்டச் சொன்னால் எங்கள் ஆட்கள் திறந்து காட்டுவார்கள்.

அன்புடன்,
விற்பனை மற்றும் சர்வீஸ் பிரிவினர்