வெள்ளி விழாவுக்கு வந்தவர்களுக்கும் வர முடியாமல் போனவர்களுக்கும்

அன்பானவர்களே, இயேசுவுக்கே புகழ்!

துறவியாக வாழ்வேன் என்று நான் கொடுத்த வார்த்தைப்பாட்டின் 25ஆம் ஆண்டு நன்றித் திருப்பலி நல்லபடியாக முடிந்தது. ஆலயத்தில் ஏற்புரைக்குக் கிடைத்த ஐந்து நிமிடத்தில் எல்லோரையும் சொல்ல வழியில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் தங்கைக்கு. மூத்த பெண்ணைக் கட்டிக்கொடுக்காமல் மடத்துக்கு அனுப்புகிறீர்களே என்று உறவுக்காரர்கள் கேட்டபோது அப்பாவும் அம்மாவும் உறுதியாக நின்றார்கள், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் நான் வேறு யார் வீட்டு அம்மாவுக்கோ புண் துடைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன், என் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்து, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டியவள் என் தங்கை, தன் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டே. ஒரு நாள்கூட "நீ வந்து பாரு" என்று அவள் கேட்டதில்லை. வார்த்தைப்பாடு கொடுத்தது நான்தான், அதன் பாரத்தில் பெரும்பங்கைச் சுமந்தவள் அவள். அவள் பெயரை யாரும் அழைப்பிதழில் அச்சடிக்கவில்லை.

அப்புறம் என் சபைக்கு. விழாவுக்கு வந்த பலர், உங்கள் சபை வெளிநாட்டுச் சபைதானே என்று கேட்டீர்கள். எஃப்.எம்.எம். (மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள்) சபை பிறந்தது நம் ஊட்டியில், 1877இல். பிரான்சின் நாந்த் நகரத்துப் பெண்ணான அன்னை மேரி ஆஃப் த பேஷன் 1865இல் மதுரை மறைபரப்புத் தளத்துக்கு வந்தவர், இங்கே பட்ட கஷ்டங்களுக்கு நடுவில்தான் இந்தச் சபையைத் தொடங்கினார். அவரை 2002இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அருளாளராக (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) உயர்த்தினார். அவர் எங்களுக்கு விட்டுப்போனதில் எனக்கு மிகவும் பிடித்தது தினசரி நற்கருணை ஆராதனை. எங்கள் தொழுநோய் மருந்தகத்தில் கூட்டம் எவ்வளவு இருந்தாலும் ஒருவர் மாற்றி ஒருவர் ஆண்டவர் முன்னால் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களிலும், இரவு அவசரமாக யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாட்களிலும் என் முறையைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்ட சகோதரிகளே, நான் கவனித்தேன், மறக்கவில்லை. வெவ்வேறு ஊர், வெவ்வேறு குணம், ஒரே சாப்பாட்டு மேசை, அது லேசான காரியமில்லை.

எங்கள் சமையலறைச் சகோதரிக்குத் தனியாக நன்றி. வயலில் வேலை பார்த்துவிட்டு ஒரு மணிக்கு மேல் வரும் நோயாளிக்கும் அவர் சோறு எடுத்து வைத்திருப்பார். எங்கள் சபையின் அருளாளர் மரிய அசுந்தா பெரும்பாலும் சமையலும் வீட்டு வேலைகளும்தான் செய்தார், சீனாவில் டைபஸ் காய்ச்சலில் 1905இல் இறந்தபோது வயது 26. அந்த வழியில் நடக்கிற ஒருவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன் என்பது எனக்குப் பெரிய பேறு.

சரி, அந்த மருந்தகத்துக்கு வருகிறேன், இங்கேதான் என் கடன் அதிகம். நர்சிங் படித்துவிட்டு வந்த எனக்குப் பாதப் பராமரிப்பைக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கட்டுப் போடும் அண்ணன், அவரே இந்த நோயிலிருந்து குணமானவர். உணர்ச்சியற்ற காலைத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும், தடித்த தோலைக் கல்லால் மெதுவாகத் தேய்க்க வேண்டும், ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும், தினமும் சாயங்காலம் முள்ளோ கொப்புளமோ இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கால் வலித்து எதையும் சொல்லாது. கூட்டு மருந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ, அரசு இலவசமாகவே தருகிறது, கிருமி போய்விடும். செத்துப்போன நரம்புக்குப் பெரும்பாலும் உயிர் திரும்புவதில்லை, அதனால் குணமான பிறகும் புண் வருகிறது. இது தெரியாமல் "இன்னும் நோய் இருக்கு" என்று ஒதுக்குகிறார்களே, அது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

அப்படி ஒதுக்காதவர்களுக்கெல்லாம் கும்பிடு. பேருந்தில் பக்கத்தில் உட்காரக்கூட ஆட்கள் தயங்கிய பாட்டியைத் தன் ஆட்டோவில் வாரம் தவறாமல் கொண்டுவந்து விடும் தம்பிக்கு. பஞ்சும் துணிச்சுருளும் கடனாகக் கொடுத்துவிட்டுக் கேட்காமலே இருக்கும் மருந்துக்கடை பாய்க்கு. ஒவ்வொரு பாதத்தையும் தாளில் வரைந்து அளவெடுத்து, எம்.சி.ஆர். என்ற மென்மையான நுண்துளை ரப்பரில் மெத்தென்று செருப்பு தைத்துத் தரும் தொழிலாளி அண்ணனுக்கு. புண் ஆறுவதில் பாதி வேலை அவருடையது என்று எங்கள் டாக்டரே சொல்வார்.

நோயாளிகளான உங்களுக்கு என்ன சொல்ல? தொழுநோயாளர்கள் நடுவே போனபோது, முன்பு கசப்பாக இருந்தது தனக்கு இனிப்பாக மாறியது என்று 1226இல் சாவதற்கு முன் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் எழுதி வைத்தார். நவதுறவில் (துறவறப் பயிற்சிக் காலத்தில்) அதைப் பாடமாகப் படித்தேன். உங்கள் திண்ணைகளில் உட்கார்ந்து, நீங்கள் கொடுத்த வரக்காப்பியைக் குடித்தபோதுதான் அது எனக்கு உண்மையானது. விழாவன்று முன்வரிசையில் உட்கார மாட்டோம் என்றீர்கள், பங்குத் தந்தையே எழுந்துவந்து உங்களைக் கூட்டிப்போனார். தந்தையே, அதற்கு நன்றி.

பொன்னாடை வேண்டாம், பருத்தித் துண்டும் பழைய வேட்டியும் போதும் என்று கேட்டிருந்தேன். அன்பியங்களிலிருந்து (பங்கின் சிறு குழுக்களிலிருந்து) மூட்டை மூட்டையாக வந்திருக்கிறது. துவைத்து வெயிலில் காயவைத்துக் கிழித்துக்கொண்டிருக்கிறோம், சனிக்கிழமை காலை கை கொடுக்க முடிந்தவர்கள் மருந்தகத்துக்கு வாருங்கள். காணிக்கை உறைகளில் வந்த பணத்தை இல்லத் தலைவியிடம் கொடுத்துவிட்டேன், அவர் அதைச் செருப்புக் கணக்கில் சேர்த்துவிட்டார். அளவு கொடுக்காதவர்கள் இந்த மாதத்துக்குள் வந்து கொடுத்துவிடுங்கள்.

உங்கள் சிஸ்டர்