இரவுப் பணியாளர்களையும் எண்ணுங்கள்

ஆசிரியருக்கு,

முதியோர் இல்லங்களில் அதிகாரிகள் நடத்தும் ஆய்வு பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். கட்டடம், கழிப்பறை, சமையலறை எல்லாம் பார்ப்பது சரி. ஆனால் இரவில் எத்தனை பணியாளர்கள் இருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் வேலைபார்க்கும் குமரி மாவட்டத்தில், அந்தக் கடமை பல வீடுகளில் சம்பளத்துக்கு வரும் பெண்களின் கைக்குத்தான் வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவரைச் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். மார்த்தாண்டம் பக்கம் நான் வேலைபார்க்கும் இல்லத்தில் இரவில் ஒருவர்தான். திருப்புவது, துணி மாற்றுவது, அப்புறம் கழிப்பறைக்குத் தாங்கிப் பிடித்து அழைத்துப்போவது எல்லாம் அவர் பொறுப்பே. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியவரைத் தனியே தூக்கி, இடுப்பு வலியோடு வீடு திரும்புகிறோம். முதியவர் கீழே விழுந்தாலோ பழியும் எங்கள் மேல்தான்.

இரவுப் பணிக்குக் குறைந்தது இருவர் என்பதை முதியோர் இல்லங்களின் பதிவுக்கான நிபந்தனையாக்க வேண்டும். நோயாளியைப் பாதுகாப்பாகத் தூக்கும் முறையை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எங்களுக்குக் கற்றுத்தர மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யலாம்.

– ஒரு பராமரிப்புப் பணியாளர், மார்த்தாண்டம்