புகாரே வராத துறை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் பல்கலைக்கழகக் குழுவில் உன்னை உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னாய். சந்தோஷமாக இருந்தது. கூடவே, "எங்க துறையில அந்தப் பிரச்சினையே கிடையாதும்மா, இத்தனை வருஷத்துல ஒரு புகார்கூட வந்ததில்ல" என்றாய். அந்த வார்த்தைதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நான் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். புகார்ப் பதிவேடு என் பொறுப்பில் இருந்ததைச் சொன்னதில்லை. பச்சை அட்டை போட்ட நீள நோட்டு. ஆண்டு முடிவில் அதை எடுத்து ஒரே ஒரு வரி எழுதுவேன்: "இவ்வாண்டு புகார் ஏதும் பெறப்படவில்லை." கீழே தேதி, என் சுருக்கொப்பம். ஒன்பது ஆண்டுகள் அப்படி எழுதினேன். மேலதிகாரி பார்த்துவிட்டு "நல்லது" என்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் மதியம் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். மடிப்பெல்லாம் வெளுத்து, இழை பிரிந்துபோயிருந்தது. எத்தனை நாள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தாளோ. "இதக் குடுத்தா எங்க கைடுக்குத் தெரிஞ்சிடுமா மேடம்?" என்று கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தாளின் மேல்பகுதியைத்தான் பார்த்தேன். 'துறைத் தலைவர் வழியாக' என்ற வரி இல்லை. "தலைவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாம்மா, அப்பத்தான் நான் வாங்க முடியும்" என்றேன். அவளுடைய கைடும் துறைத் தலைவரும் ஒரே ஆள். அது எனக்குத் தெரியும், கண்ணா. தெரிந்துதான் சொன்னேன். விதி அப்படி இருந்தது, நான் விதியைச் சொன்னேன். அவள் தாளை அதே மடிப்பில் மடித்தாள். "சரிங்க மேடம்" என்று எழுந்து போனாள்.

நாலு மாதம் கழித்து அவளுடைய கோப்பு என் மேஜைக்கு வந்தது. ஆராய்ச்சியை நிறுத்திக்கொள்கிறாள். காரணம்: 'சொந்தக் காரணங்கள்.' எண் போட்டு அனுப்பினேன். அந்த ஆண்டு முடிவிலும் பச்சை நோட்டை எடுத்து, புகார் ஏதும் பெறப்படவில்லை என்று எழுதினேன். அது பொய்கூட இல்லை. அதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஓர் அலுவலகப் பெண் ஊழியர், பேராசிரியர் ஒருவரின் தொந்தரவு தாங்காமல் வேலையை விட்டார். வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். என்ன எழுதுவது என்று தெரியாமல் 'சொந்தக் காரணம்' என்றுதான் அவரும் சொல்லியிருக்கிறார். உதவித்தொகை மறுக்கப்பட்டது. அவருக்காக அங்கே கூடிய பெண்கள் 1975-இல் அந்தக் கொடுமைக்கு ஒரு பெயர் வைத்தார்கள். பாலியல் துன்புறுத்தல் என்று இன்று நாம் சொல்வது அந்தப் பெயரிலிருந்து வந்ததுதான். அதைப் படித்த அன்று அந்தக் கோப்பும் அதில் நான் போட்ட எண்ணும் கண்முன் வந்து நின்றன. யேல் பல்கலைக்கழகத்தின் மேல் மாணவிகள் 1977-இல் வழக்குப் போட்டபோது, முறையாகப் போய்ச் சொல்ல அங்கே ஓர் ஏற்பாடு இல்லை என்பதும் அவர்களுடைய குறைகளில் ஒன்று. வழக்கில் அவர்கள் ஜெயிக்கவில்லை. ஆனால் இதுவும் பால் பாகுபாடுதான் என்ற வாதம் நிலைத்துவிட்டது. புகார் சொல்லும் வழியைப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாக ஏற்படுத்தின.

அதனால் உன் துறையில் புகார் வரவில்லை என்றால் முதலில் ஒன்றைக் கேள். வந்திருந்தால் அது எந்த வழியாக வந்திருக்க முடியும்? யார் கையைத் தாண்டி வர வேண்டும்? அந்தக் கை யாருடையது?

அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2018-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. தொந்தரவு நடக்குமா நடக்காதா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அந்த இடத்தின் சூழல் என்று அதில் சொல்கிறார்கள். இங்கே இதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டார்கள், புகார் கொடுத்தவளுக்குத்தான் கஷ்டம் என்று அங்கே இருப்பவர்கள் நினைத்தால், அந்த நினைப்பே தப்பு செய்பவனுக்குத் துணிச்சல். இன்னொன்றும் சொல்கிறார்கள். அதிகமாக நடப்பது, நாம் பயப்படுகிற பெரிய குற்றம் அல்ல. "பொம்பளைங்களுக்கு இந்தக் கணக்கு வராது" என்ற மாதிரியான இழிவுப் பேச்சு, ஒதுக்குதல், கேலி, இவைதான். பனிப்பாறையில் தண்ணீருக்குக் கீழே இருக்கிற பகுதி.

உன் ஆய்வகத்தில் அதைப் பார். கூட்டத்தில் குறிப்பெடுக்கும் வேலை எப்போதும் யாருக்குப் போகிறது? யார் பேச ஆரம்பித்ததும் இன்னொருவர் குறுக்கே வருகிறார்? ஒரு மாணவனின் பேச்சுவழக்கையோ நிறத்தையோ சாதியையோ மதத்தையோ வைத்து யாராவது சிரித்தால், நீயும் சிரித்துவிட்டுப் போகிறாயா? சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளை ஆய்வகத்துக்குள் நுழைய ஒவ்வொரு நாளும் யாரிடமாவது கதவைத் திறந்துவிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கிறதா? அந்த இடத்தில் நீ "இது வேண்டாம்ப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாதாரணக் குரலில் சொல்லு, எல்லார் முன்னாலும் சொல்லு. ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை அதைக் கேட்டுவைத்துக்கொள்ளும். நாளைக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தால், உன்னிடம் வரும்.

நம்ம மனசு சுத்தம், நாம் யாரையும் பேதம் பார்க்க மாட்டோம் என்று நினைத்துவிடாதே. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஆய்வக மேலாளர் வேலைக்கு ஒரே விண்ணப்பத்தை அறிவியல் பேராசிரியர்கள் 127 பேரிடம் கொடுத்திருக்கிறார்கள். சிலருக்கு ஆண் பெயர் போட்டு, சிலருக்குப் பெண் பெயர் போட்டு. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஆண் பெயருக்குச் சராசரியாக 30,000 டாலருக்கு மேல் சம்பளம் சொன்னவர்கள், பெண் பெயருக்கு 27,000-ஐக்கூடத் தொடவில்லை. பெண் பேராசிரியர்களும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நேர்முகத்துக்கு உட்காரும் முன்பே எதற்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதிவைத்துவிடு. முடிந்த இடத்தில் பெயரை மறைத்துவிட்டுத் திருத்து.

இனி நீயே கைடு. நீ நல்லவன் என்று எனக்குத் தெரியும், உன் மாணவர்களுக்கு அது எப்படித் தெரியும்? பட்டம், உதவித்தொகை, கட்டுரையில் பெயர், பரிந்துரைக் கடிதம் எல்லாம் உன் கையில் இருக்கின்றன. நீ ராத்திரி பதினோரு மணிக்குச் சும்மா ஒரு செய்தி அனுப்பினாலும், பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகுமோ என்று அந்தப் பிள்ளை யோசிக்கும். யாருக்கு எந்தக் கட்டுரையில் பெயர் என்பதை வேலை தொடங்கும்போதே எழுத்தில் வை. உன்னைத் தவிர இன்னொரு மூத்தவரிடமும் அவர்கள் போய்ப் பேச வழி செய்துகொடு. உன்னைப் பற்றியே குறை சொல்லவும் அவர்களுக்கு ஒரு வழி வேண்டும்.

குழுவுக்கு ஒருத்தி வந்தால், ஒருவன் வந்தாலும்தான், "ஏன் இவ்வளவு நாள் சொல்லல?" என்று முதல் கேள்வி கேட்காதே. அந்தக் கேள்விக்குப் பதில் அந்த அறையிலேயே இருக்கும். "வந்தது நல்லது, உட்காருங்க, உங்களுக்கு இப்ப என்ன தேவை?" என்று தொடங்கு. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதே. விசாரணை என்றால் சிலருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். யார் யாருக்குத் தெரியும், எதற்காக என்று முன்னாலேயே சொல்லிவிடு. விசாரணை முடியும்வரை ஆய்வகத்தை மாற்றவோ கைடை மாற்றவோ வேண்டியிருந்தால், புகார் கொடுத்தவள் கேட்காமல் அவளை நகர்த்தாதே. சொன்னவளே இடத்தைக் காலி செய்வதைப் பார்த்த பிறகு அடுத்தவள் வாய் திறக்க மாட்டாள்.

நாள் கணக்கை விடாதே. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க இந்தியாவில் 2013-இல் வந்த சட்டம் விசாரணையை 90 நாளில் முடிக்கச் சொல்கிறது. உங்கள் விதியில் எத்தனை நாள் என்று பார்த்து, அதைச் சுவரில் ஒட்டிக்கொள். இழுத்தடித்தால் படிப்பு முடிந்து போய்விடுவார்கள், சாட்சிகளும் கலைந்துவிடுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் காகிதம் எல்லாம் கொடு, அவர் சொல்வதையும் முழுதாகக் கேள். அவர் உன் நண்பராக இருந்தால் எழுந்து வெளியே வந்துவிடு, அந்தக் குழுவில் உட்காராதே. புகார் முடிந்து ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு எப்படி இருக்கிறாய் என்று கேள். பழிவாங்குகிறவர்கள் உடனே செய்ய மாட்டார்கள். மதிப்பெண்ணில், வருகைப்பதிவில், ஒரு கடிதத்தைத் தாமதிப்பதில் மெதுவாகச் செய்வார்கள். கோப்புகளைப் பார்த்தவள் சொல்கிறேன்.

அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவள் தாளில் என்ன எழுதியிருந்தாள் என்றும் தெரியாது. நான் படிக்கவே இல்லை.

நாளைக்கு அலுவலகம் போனதும் உங்கள் புகார்ப் படிவத்தை எடுத்துப் பார். மேலே எங்கேயாவது 'வழியாக' என்று ஒரு வரி இருந்தால், முதல் கூட்டத்திலேயே அதை எடுக்கச் சொல். எடுத்துவிட்டார்கள் என்றால் எனக்கு ஒரு போன் போடு. எத்தனை மணியானாலும் சரி.

அன்புடன்,
அம்மா