செங்கல்லின் பரீட்சையைப் பூஞ்சைப் பலகைக்கு வைக்காதீர்கள்

கட்டடப் பொருள்களுக்குத் தர விதிகள் வகுக்கும் குழுவினருக்கு, வணக்கம்.

நான் பொறியாளன் இல்லை. வைக்கோலிலும் மரத்தூளிலும் பூஞ்சையை வளர்த்துப் பலகை செய்து பார்ப்பவன். இந்தப் பொருளைப் பற்றி உங்கள் காதுக்கு வருகிற பேச்சு இரண்டே விதமாக இருக்கும். ஒன்று, 'காளானிலேயே வீடு கட்டலாம்' என்ற ஆரவாரம். இன்னொன்று, 'அழுத்தினால் நசுங்குகிறது, தள்ளுங்கள்' என்ற அலட்சியம். இரண்டுமே தப்பு என்பதால்தான் இந்த மடல்.

செய்முறை எளிது. வைக்கோலை நனைத்து, வேகவைத்து, ஆறவிட்டு, காளான் வித்தைக் கலந்து அச்சில் அடைக்க வேண்டும். மூன்றாம் நாள் திறந்தால் வைக்கோல் தாள்களுக்கு நடுவே சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழை ஓடியிருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் முழுக்கப் பஞ்சு போர்த்தியதுபோல் ஆகிவிடும். சிமெண்ட் இல்லை, பிசின் இல்லை, இழைதான் பசை. அந்த இழையின் செல்சுவரில் இருக்கும் கைட்டின் என்ற கெட்டியான பொருள், நண்டின் ஓட்டிலும் இருப்பதுதான். அப்புறம் சூட்டில் உலர்த்தினால் பூஞ்சை செத்துவிடும். 'சுவரில் காளான் முளைக்காதா?' என்று கேட்காதவர் இல்லை. சரியாக உலர்த்திய பலகையில் முளைக்காது. என் முதல் அச்சுகளில் பாதி பச்சைப் பூஞ்சணம் பிடித்து வீணானது வேறு கதை. வைக்கோல் ஆறுவதற்குள் வித்தைக் கலந்துவிட்டேன்.

2014இல் நியூயார்க்கில், நவீன கலை அருங்காட்சியகத்தின் பிஎஸ்1 கிளை முற்றத்தில், கட்டடக் கலைஞர் டேவிட் பெஞ்சமினின் 'தி லிவிங்' குழு மக்காச்சோளத்தட்டையில் பூஞ்சையை விட்டு வளர்த்த சுமார் 10,000 கற்களால் 'ஹை-ஃபை' கோபுரத்தை எழுப்பியது. படம் உலகமெல்லாம் சுற்றியது. ஆனால் அது ஒரு கோடைக்கான கோபுரம். பிறகு பிரித்து உரமாக்கிவிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் இதைச் செங்கல் என்றே நினைத்துக்கொண்டார்கள் என்பது என் சந்தேகம்.

செங்கல்லாகப் பார்த்தால் இது தோற்கத்தான் செய்யும். சாதாரண கான்கிரீட் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ தாங்குகிற இடத்தில், அழுத்திக் கெட்டியாக்காத பூஞ்சைக் கல் இரண்டு கிலோ அளவில்தான் தாங்கும். ஆனால் வெப்பத்தைத் தடுப்பதில் இது தெர்மாகோலுக்குப் பக்கத்தில் வருகிறது. தீ பட்டால் தெர்மாகோல் உருகிச் சொட்டும். இது மேலே கரிந்து, அந்தக் கரியே உள்பக்கத்துக்குக் கொஞ்ச நேரம் கவசமாக நிற்கும். குப்பைக்குப் போனால் மக்கும்.

ஆகவே என் கோரிக்கை: சுமை தாங்காத உள்தடுப்பு, வெப்பத் தடுப்பு, ஒலித் தடுப்பு ஆகியவற்றுக்கென்று தனி வகை ஒன்றை ஏற்படுத்துங்கள். அந்த வகைக்குள் கடுமையாகவே சோதியுங்கள், முக்கியமாக ஈரத்தை. தண்ணீரைக் கண்டால் இது உறிஞ்சும். மேல்பூச்சில்லாமல் வெளிச்சுவரில் வைக்க நானே சம்மதிக்க மாட்டேன். எந்தக் கழிவு, எந்தப் பூஞ்சை, எவ்வளவு சூட்டில் உலர்த்தியது என்று ஒவ்வொரு பலகையிலும் எழுதச் சொல்லுங்கள். இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் பலகையின் குணம் மாறிவிடுகிறது.

சோதிக்க வேண்டுமென்றால் ஒரு டஜன் பலகை அனுப்பத் தயார். அதில் இரண்டு உலரும்போது ஓரம் வளைந்துவிட்டன. அவற்றையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பலகை வளர்ப்பவன்