பிராக் நகரை 20 நிமிடத்தில் பார்த்தவன் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் தம் ஐரோப்பியச் சுற்றுலா பற்றி எழுதியிருந்தார். பழைய நகரம் என்று எங்கே இறக்கிவிட்டாலும் அதே கல் தெரு, அதே தேவாலயம், அதே மணிக்கூண்டு, ஒன்றைப் பார்த்தால் போதும், மற்ற காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர் கட்சி. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. எட்டு வருஷத்துக்கு முன் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்துகொண்டு நானும் இதையேதான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது நானும் மனைவியும் போனது 11 நாளில் 7 நாடு. செக் நாட்டுத் தலைநகர் பிராக் எங்களுக்கு ஐந்தாவதோ ஆறாவதோ. பெரிய பஸ் பழைய நகருக்குள் நுழைய முடியாது, ஆற்றங்கரையில் எங்கேயோ நிறுத்திவிட்டு, கொடி பிடித்தவர் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனோம். 50 நிமிடம் தந்தார்கள். போக 15, வர 15, ஆக கையில் இருந்தது 20. அதிலும் பாதி கழிப்பறை எங்கே என்று தேடி, சில்லறை இல்லாமல் விழித்ததில் போயிற்று. பழைய நகரமன்றச் சுவரில் இருக்கிற புகழ்பெற்ற கடிகாரம் மணி அடித்தபோது நான் பார்த்தது எனக்கு முன்னால் நின்றவரின் கைப்பேசித் திரையைத்தான். ஏன் இந்த அவசரம் என்றால், ஏழு மணிக்கு இந்தியச் சாப்பாட்டுக் கடையில் சோறு தயாராக இருக்கிறதாம், ஆறிப்போய்விடுமாம். நிறுவனத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். முதல் நாளே சோறு இல்லாவிட்டால் நடக்காது என்று சண்டை போட்டவர்களில் நானும் ஒருவன்.

இந்த வருஷம் மே மாதத் தொடக்கத்தில் மறுபடியும் போனோம், இந்தத் தடவை நாங்களாகவே, கூடவே என் அம்மா. அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி, கைத்தடி. வியன்னாவிலிருந்து ரயிலில் நாலு மணி நேரம். வேறு ஊர் எதுவும் கிடையாது, பிராக்கில் நாலு நாள். உறவினர்கள் சிரித்தார்கள், நாலு நாள் அங்கே என்ன செய்வாய் என்று.

நடந்தோம். அவ்வளவுதான். வெடிமருந்துக் கோபுரம் என்று ஒன்று இருக்கிறது, 1475இல் கட்டத் தொடங்கிய கறுத்த வாசல், பின்னாளில் உள்ளே வெடிமருந்து அடுக்கி வைத்ததால் அந்தப் பெயர். அங்கே ஆரம்பித்து பழைய நகரச் சதுக்கம், அப்புறம் சார்ல்ஸ் பாலம், ஆற்றின் அந்தப் பக்கம் சிறுநகரம் என்கிற பகுதி, அதற்கு மேலே கோட்டை. அரசர்கள் முடிசூடிக்கொள்ளக் கோட்டைக்குப் போன வழி இது. கோட்டை ஏற்றத்தை விட்டுவிட்டால் ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான், ஈசூனில் காலையில் அதைவிட அதிகம் நடக்கிறேன். ஆனால் அந்த 2 கிலோமீட்டருக்கு எங்களுக்கு ஒன்றரை நாள் பிடித்தது. ஒரு காரணம் அம்மாவின் கால், இன்னொரு காரணம் தரை. நடைபாதை முழுக்கக் கைக்கடங்கும் அளவில் சதுரக் கற்களைக் கோலம் போட்ட மாதிரி பதித்திருக்கிறார்கள், தெருவில் உருண்டைத் தலையுள்ள பெரிய கற்கள். அந்தப் பெரிய கற்களுக்கு அவர்கள் மொழியில் பூனைத்தலை என்று பேர். அம்மாவின் தடி இரண்டு பூனைத்தலைக்கு நடுவே போய் மாட்டிக்கொள்ளும், நின்று எடுக்க வேண்டும். நிற்கிற இடத்தில் எதையாவது பார்க்க வேண்டியதாகிவிடும். உண்மையைச் சொன்னால் இந்தக் கடிதத்தில் இருக்கிற பாதி விஷயம் அந்தத் தடி மாட்டிய இடங்களில் பார்த்ததுதான்.

முதல் நாள் மட்டும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொண்டோம், ஓய்வு பெற்ற ஆசிரியை. கடிகாரத்தை அவர் மணி அடிக்கிற நேரத்தில் காட்டவே இல்லை. மணிக்கு ஐந்து நிமிடம் கழித்துக் கூட்டம் கலைந்த பிறகு கூட்டிப் போனார். மணி அடிக்கும்போது வருகிற பொம்மைகளைப் பார்க்க வேண்டுமென்றால் அப்புறம் வாருங்கள், இப்போது கடிகாரத்தைப் பாருங்கள் என்றார். அது 1410இல் செய்தது, இன்னும் ஓடுகிறது. முதல் பயணத்தில் கொடிக்காரர் எங்களுக்குச் சொன்னது ஹனுஷ் என்கிற கைவினைஞர் இதைச் செய்து முடித்ததும் வேறு ஊருக்குச் செய்து தரக்கூடாதென்று நகரசபைக்காரர்கள் அவர் கண்ணைக் குருடாக்கிவிட்டார்கள் என்ற கதை. அது வெறும் கதையாம். செய்தவர் கடான் ஊர் மிக்குலாஷ், கணக்குப் போட்டுக் கொடுத்தவர் ஒரு பல்கலைக்கழக வாத்தியார் என்று கருதப்படுகிறது. யாருக்கும் கண் போகவில்லை. எட்டு வருஷமாக நான் அந்தக் குருட்டுக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ.

அந்தக் கடிகாரம் ஒரே நேரத்தில் பல கணக்குக் காட்டுகிறது. வெளி வளையம் சூரியன் அடைந்ததிலிருந்து மணியை எண்ணுகிறது. இன்னொரு கணக்கில், விடிந்ததிலிருந்து அடைகிற வரை பகலை 12 ஆகப் பங்கு போடுகிறார்கள், அதனால் கோடையில் ஒரு மணி நீளம், குளிர்காலத்தில் குட்டை. எங்களுக்கு இது உடனே புரிந்துவிட்டது, ராகு காலம் பார்க்கிறவர்கள் பகலை எட்டாகப் பிரிக்கிற அதே வேலை. சிங்கப்பூரில் வருஷம் முழுக்க ஏழு மணியை ஒட்டி விடிந்து ஏழு மணியை ஒட்டி அடைவதால் நமக்குத்தான் இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

அதற்குள் ராசிச் சக்கரம் ஒன்று சுற்றுகிறது. சூரியன் இன்றைக்கு எந்த ராசியில் என்று முள்ளைப் பார்த்தால் தெரியும். ரிஷபம் என்றார் ஆசிரியை. அம்மா விடவில்லை. "சித்திரை முடியலையே, சூரியன் மேஷத்துலதானே இருக்கணும்?" நான் அதை அப்படியே மொழிபெயர்த்ததும் அந்த அம்மையாருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! அவர்கள் வசந்தத்தில் பகலும் இரவும் சமமாகிற நாளிலிருந்து மேஷத்தை எண்ணுகிறார்கள், நம் பஞ்சாங்கம் நட்சத்திரத்தை வைத்து எண்ணுகிறது, இரண்டுக்கும் இன்றைக்கு 24 பாகை போல இடைவெளி. அயனாம்சம் என்று ஜோசியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அது என்னவென்று எனக்குப் புரிந்தது பிராக் நகரத் தெருவில்தான். எல்லா மணிக்கூண்டும் ஒன்றுதான் என்று எழுதிய நண்பர் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

அதே இடத்தில் இன்னொன்று. நகரமன்றச் சுவரை ஒட்டித் தரையில் வெள்ளைக் கல்லில் 27 சிலுவைகள் பதித்திருக்கிறது. 1621 ஜூன் 21ஆம் தேதி, பேரரசரை எதிர்த்துத் தோற்ற கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேரை அந்தச் சதுக்கத்தில் வைத்துக் கொன்றார்கள், அதன் நினைவு. வீடு திரும்பிப் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். போன தடவை நாங்கள் 32 பேரும் கை விரித்து, பல்லைக் காட்டி எடுத்துக்கொண்ட குழுப்படம் அந்தச் சிலுவைகளின் மேலே நின்றுதான். ஒருத்தர்கூடக் கீழே பார்க்கவில்லை.

காசு விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் பயணத்தில் சதுக்கத்துக்குப் பக்கத்தில் நாணயம் மாற்றும் கடை ஒன்றில் 100 யூரோ கொடுத்து நன்றாக ஏமாந்தேன். இப்போது அங்கே சட்டம் வந்திருக்கிறது, 2019 ஏப்ரலிலிருந்து, 1,000 யூரோ வரை மாற்றியதை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திரும்பக் கொடுத்து ரத்து செய்யலாம். போகிறவர்கள் ரசீதைத் தூக்கி எறியாதீர்கள்.

இனி பாலம். 1357இல் அடிக்கல் நாட்டியது, 516 மீட்டர் நீளம், இரண்டு பக்கமும் சேர்த்து 30 சிலைகள். எல்லாரும் போய்த் தொடுகிற சிலை புனிதர் நேபோமுக் யோவானுடையது, 1393இல் அவரைச் சித்திரவதை செய்து ஆற்றில் தள்ளினார்கள், சிலைக்குக் கீழே இருக்கிற வெண்கலப் பலகை தொட்டுத் தொட்டே மின்னுகிறது. அங்கே நீண்ட வரிசை. அம்மா நிற்க முடியாது என்று தடியை ஊன்றிக்கொண்டு நகர்ந்து, ஆளே இல்லாத இன்னொரு சிலைக்குக் கீழே நின்றார். நான் கையேட்டைப் பார்த்து, பிரான்சிஸ் சேவியர் என்று வாசித்தேன். "யாரு, நம்ம சவேரியாரா?" என்றார் அம்மா.

அம்மா தூத்துக்குடிப் பக்கம். நாங்கள் இந்துக்கள்தான், ஆனால் சின்ன வயதில் மணப்பாட்டுத் திருவிழாவுக்குப் போய் சவேரியார் தங்கியிருந்ததாகச் சொல்லும் கடற்கரைக் குகையைப் பார்த்தவர். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழில் ஜெபங்களை மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்த மனிதர். அதே மனிதர் 1545இல் மலேசியாவில் இருக்கிற மலாக்காவுக்கும் வந்தார். மணப்பாடும் மலாக்காவும் சேர்ந்து ஐரோப்பாவின் நடுவில், கடலே இல்லாத நாட்டில், ஒரு கல்லில் நிற்கிறது. மேலே அவர், அவர் முன்னால் ஞானஸ்நானம் வாங்க மண்டியிட்ட இந்திய இளவரசர், கீழே அந்தப் பாரத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு சீனரும் வேறு நாட்டு ஆட்களும். 1711இல் பிரோகோஃப் என்ற சிற்பி செதுக்கியது. அவர் நம்மில் யாரையும் நேரில் பார்த்த மாதிரி தெரியவில்லை. சுமக்கிறவர்களில் நம் பக்கத்து ஆட்கள் இருப்பது எனக்கு உறுத்தியது, அம்மாவிடம் சொன்னேன், அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அங்கே நிற்பது நகல்தான். 1890 வெள்ளத்தில் பாலத்தின் சில வளைவுகள் இடிந்து அசல் சிலை ஆற்றில் விழுந்துவிட்டது, 1913இல் இதை வைத்தார்கள். போன தடவை இந்தச் சிலையை நான் தாண்டித்தான் ஓடியிருக்கிறேன், சோறு ஆறிவிடும் என்று.

கோட்டைக்கு ஏறும் நெருடா தெருவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் உங்களுக்குப் பக்கம் போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன், 1770இல் எண் போடுகிற வரைக்கும் அங்கே வீட்டுக்கு அடையாளம் படம்தான், மூன்று பிடில் வீடு, இரண்டு சூரியன் வீடு, சிவப்புக் கழுகு வீடு என்று. முழங்கால் வலி உள்ளவர்கள் அந்தத் தெருவில் ஏறாதீர்கள், 22ஆம் எண் டிராமில் மேலே போய் இறங்கி நடந்து வாருங்கள்.

என் கோரிக்கை இங்குள்ள சுற்றுலா நிறுவனங்களுக்கு. விளம்பரத்தில் எத்தனை நாடு, எத்தனை வேளை இந்தியச் சாப்பாடு என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்களே, பஸ்ஸில் எத்தனை மணி, காலில் எத்தனை மணி என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். ஏதாவது ஒரே ஒரு பழைய நகரத்திலாவது காலை முழுவதையும் காலியாக விடுங்கள். இரண்டு நாட்டைக் குறைத்தால் நாங்கள் ஓடிவிட மாட்டோம். காசு கட்டும் வாசகர்களும் முன்பணம் கொடுக்கும்முன் இதைக் கேளுங்கள், ஒரு வேளை ரொட்டியும் சூப்பும் சாப்பிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

அப்புறம் ஜூன் விடுமுறையில் அம்மா கேட்டதால் பஸ் பிடித்து மலாக்கா போனோம், செயின்ட் பால் குன்று. சவேரியார் இறந்த பிறகு 1553இல் சில மாதம் உடல் இருந்த குழி, மேலே கம்பி வலை. பாழடைந்த தேவாலயத்துக்கு முன்னால் வெள்ளையாக ஒரு சிலை, வலது கை இல்லை. படியேறி வந்த மூச்சிரைப்பு அடங்கும்வரை அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம்டா இவரு. அங்க ஆத்துல விழுந்தாரு, இங்க வந்தா கை போச்சு" என்றார்.

அன்புடன்,
ஈசூன் வாசகர்